வாத்தியமும் மின்னொலியும் சேர்ந்த இம்ப்ரவைசேஷன்: கூட்டு ஆல்பம் உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எழுதிவைத்த சுரக்குறிப்பு கிடையாது. ராகம், தாளம், கார்டு (சுரக்கூட்டு) வரிசை என்று முன்பே பேசிவைத்ததும் எதுவுமில்லை. ஒருவர் செல்லோவோடு (பெரிய வயலின் வகை) உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் லேப்டாப்போடு. மூன்றாமவர் முன்னால் ஒரு பழைய மிக்சரும் (ஒலிகளைக் கலக்கும் கருவி) நாலைந்து கேபிளும் மட்டும்தான். ரெக்கார்டர் ஓடத் தொடங்கிய பிறகு அங்கே என்ன பிறக்கிறதோ அதுதான் இசை; இப்படி முன்திட்டமின்றி அந்த நேரமே உருவாக்கி வாசிப்பதுதான் இம்ப்ரவைசேஷன். அதை ஆல்பமாக, அதுவும் வாசித்த எல்லோரும் "இது என்னுடையது" என்று மனமொப்பிச் சொல்லக்கூடிய ஆல்பமாக எப்படிக் கொண்டுவருவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை இசையில் எந்த ஒலி முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்பதை வாசிப்பவர்களே, வாசிக்கும் அந்த நொடியில், தங்கள் காதால் தீர்மானிக்க வேண்டும். "எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்வோம், மிக்ஸிங்கில் சரி செய்துவிடலாம்" என்று தொடங்கும் பதிவுகளில் பாதிக்கு மேல் உயிர் இருக்காது. அறையில் அமைந்த சமநிலையைக் கலைக்காமல் கேட்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதற்குப் பிறகு வரும் மைக், கணினி, மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் செப்பனிடுவது) எல்லாவற்றின் வேலையும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து வருவதுதான்.

கொஞ்சம் வரலாறும் தேவை. 1948-இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில், பாத்திரம் போன்ற பதிவு செய்த ஒலிகளை வெட்டி அடுக்கி இசை செய்தார். அது ஸ்டுடியோவுக்குள் தனி ஆள் செய்த வேலை. 1960களில்தான் அது குழுவுக்கும் நேரடி வாசிப்புக்கும் வந்தது. ரோமில் 1964-இல் ஃபிராங்கோ எவாஞ்செலிஸ்டி தொடங்கிய நுவோவா கான்சொனான்சா இம்ப்ரவைசேஷன் குழு (எனியோ மோரிகோனே அதில் டிரம்பெட் வாசித்தார்), லண்டனில் 1965-இல் ஏ.எம்.எம். குழு, மீண்டும் ரோமில் 1966-இல் மியூசிகா எலெட்ரோனிகா விவா குழு. ஏ.எம்.எம்.-இன் கீத் ரோ கிட்டாரை மேஜைமேல் படுக்க வைத்து, பொருட்களால் தேய்த்தும் தட்டியும், பக்கத்தில் ரேடியோவைத் திருகியும் வாசித்தார். யாருடைய ஒலி எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் கலந்து நின்றது. அந்தக் கலப்பு நடந்தது மேடையில், அறையில், ஒரே காற்றில். இன்றும் நாம் தேடுவது அதைத்தான்.

படி 1: ஆட்களும் ஒப்பந்தமும்

மூன்று முதல் ஐந்து பேர் போதும். நான்கு பேர் இருந்தால் இருவர் சேரும் ஜோடிகள் 6, மூவர் சேர்வது 4, நால்வரும் சேர்வது 1. தனி வாசிப்பையும் சேர்த்தால் 15 விதமான கூட்டணி கிடைக்கிறது. ஐந்து பேரானால் 31. ஒரு ஆல்பத்துக்கு இதற்குமேல் வளம் தேவையில்லை. ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் கேட்பது குறைந்து, எல்லோரும் ஒரேயடியாக வாசிக்கும் கூச்சலாக முடிவதே அதிகம்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது திறமையைவிட ஒலியின் தன்மையைப் பாருங்கள். நீண்டு ஒலிக்கும் ஒலியைத் தருபவர் ஒருவர் வேண்டும்: வில் போட்ட வாத்தியம், சைன் அலை (ஒற்றைச் சுருதியின் தூய மின்னொலி), அக்கார்டியன் போல. புள்ளிபுள்ளியாகத் தெறிக்கும் ஒலியைத் தருபவர் ஒருவர்: தாளவாத்தியம், மீட்டும் தந்தி, துண்டு துண்டான சாம்பிள் (பதிவு செய்து வைத்த ஒலித்துண்டு). காற்று, உரசல், இரைச்சல் என்று சுருதி இல்லாத ஒலியில் வசதியாக இருப்பவர் ஒருவர். மூவருமே நீண்ட ஒலிக்காரர்கள் என்றால் ஆல்பம் முழுக்க ஒரே மூட்டமாகிவிடும். இன்னொன்று, வாசிக்காமல் சும்மா இருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இதை ஒரு மணி நேரம் சேர்ந்து வாசித்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் ஒலி எழும் முன்பே சிலவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி எழுதாத இசையில் "இயற்றியவர்" யார்? எல்லோரும் என்பதே சரி. ஒவ்வொரு டிராக்கிலும் வாசித்தவர்கள் பேரில் சம பங்கு. ஒரு டிராக் வெளிவர வேண்டாம் என்று தடுக்கும் உரிமை அதில் வாசித்த ஒவ்வொருவருக்கும் உண்டா? உண்டு என்றே நான் சொல்வேன். தவறு நடந்தால் வெளியே போகாது என்ற உறுதி இருந்தால்தான் மனிதர்கள் துணிந்து வாசிப்பார்கள். பதிவுச் செலவு யாருடையது, வருமானம் எப்படிப் பிரியும், பின்னால் யாராவது ரீமிக்ஸ் செய்யலாமா என்பதையும் ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். நட்பு கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். எழுதாமல் விட்டதால் பிரிந்த குழுக்கள்தான் நிறைய.

படி 2: மின்னொலிக் கருவிகளைத் தயார் செய்தல்

வாத்தியக்காரருக்குத் தன் கருவி நன்றாகத் தெரியும். மின்னொலிப் பக்கத்தில்தான் பதிவு நாளன்று நேரம் வீணாகும். ஆகவே அந்தப் பக்கம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

காண்டாக்ட் மைக்: பீயசோ தகட்டில் (அதிர்வை மின்குறியாக மாற்றும் மெல்லிய தகடு) இரண்டு கம்பி பற்றவைத்தால் தயார். மேஜை, தகரம், வாத்தியத்தின் உடல், எதில் ஒட்டினாலும் காற்றில் கேட்காத நுண்ணொலிகளை எடுத்துத் தரும். ஆனால் அதைச் சாதாரண மைக் இன்புட்டில் நேரே செருகினால் கீழ் ஸ்தாயி முழுவதும் காணாமல்போய், தகரக் குரலாக வரும். பீயசோவுக்கு ஒரு மெகாஓமுக்குக் குறையாத இம்பீடன்ஸ் (மின்னெதிர்ப்பு) உள்ள இன்புட் வேண்டும். கிட்டார் செருகும் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் பெரும்பாலும் சரிப்படும். இல்லையென்றால் நடுவில் ஒரு பஃபர் அல்லது ப்ரீஆம்ப் (மின்குறியைப் பொருத்தி வலுப்படுத்தும் சிறு கருவி) வையுங்கள்.

நோ-இன்புட் மிக்சர்: ஜப்பானிய இசைக்கலைஞர் தோஷிமாரு நாகமுரா தன் முழுநேர வாத்தியமாகவே ஆக்கிக்கொண்டது. மிக்சரின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகிவிட்டால் வெளியிலிருந்து எந்த ஒலியும் இல்லாமலே ஃபீட்பேக் பிறக்கும். கெயின் (ஒலிப்பெருக்கம்), ஈக்யூ (மேல், கீழ் ஸ்தாயிகளின் அளவு) குமிழ்களைத் திருகத் திருகச் சுருதி மாறும், துடிக்கும், சிதறும். கையாள்பவருக்கே அடுத்த நொடி என்ன வரும் என்று முழுதாகத் தெரியாது. அதனால்தான் இம்ப்ரவைசேஷனுக்கு இது அவ்வளவு பொருத்தம். ஆனால் எச்சரிக்கை: ஒரு மயிரிழை திருப்பத்தில் ஒலி பல மடங்கு எகிறும். ஹெட்போனில் சோதித்துப் பார்க்கவே கூடாது, செவிக்கு ஆபத்து. மிக்சருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு லிமிட்டர் (ஒலி ஒரு எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) கட்டாயம். ஸ்பீக்கர் ஒலியளவைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டே மிக்சரை இயக்குங்கள்.

லேப்டாப்: பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இந்த இசைக்கு நன்றாக உழைப்பவை. விநாடிக்கு 48,000 அளவீடுகள் (48 கிலோஹெர்ட்ஸ்) எடுக்கும்போது, கணினி ஒலியை 128 அளவீடுகளாகச் சேர்த்து அனுப்பினால் தாமதம் 2.7 மில்லிசெகண்ட், உள்ளே வருவதும் வெளியே போவதும் கருவியின் தாமதமும் சேர்ந்து அதன் இரண்டு மூன்று மடங்கு ஆகும். அது காதில் தெரியாது. பதிவு நாளில் இணையத்தையும் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். முக்கியமாக, ஒரு கை அசைவில் ஒலி சட்டென்று நிற்கும்படி ஒரு பொத்தானோ பெடலோ வைத்துக்கொள்ளுங்கள். வயலின்காரர் வில்லை எடுத்தால் ஒலி நிற்கிறது. லேப்டாப்காரர் மவுஸைத் தேடிக்கொண்டிருந்தால் அங்கே உரையாடல் அறுந்துபோகும்.

அடுத்து ஒரு நுட்பமான விஷயம். ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் அந்த நேரமே சாம்பிள் எடுத்து உருமாற்றித் திருப்பித் தருவது இந்த வகையின் பெரிய ஈர்ப்பு. சாக்ஸஃபோன் கலைஞர் ஈவன் பார்க்கர் 1990களில் அமைத்த எலக்ட்ரோ-அகூஸ்டிக் என்சம்பிள் என்ற குழுவில் வாத்தியக்காரர்களின் ஒலியை எடுத்து உருமாற்றும் கலைஞர்கள் அவர்களுக்குச் சமமான வாசிப்பாளர்களாகவே உட்கார்ந்தார்கள். ஆனால் தன் நிழல் தன்னைத் துரத்திக்கொண்டே இருந்தால் வாத்தியக்காரர் அந்த நிழலுக்காகவே வாசிக்கத் தொடங்கிவிடுவார். அதனால் என் விதி இது: ஒரு நேரத்தில் ஒருவர் ஒலியை மட்டும் எடுங்கள், எடுத்ததை உடனே திருப்பித் தராமல் ஒரு நிமிடமாவது கழித்துத் தாருங்கள், யாருடைய ஒலியை எடுக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: ஸ்பீக்கர் எங்கே இருக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். மின்னொலி வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் தனி ஸ்பீக்கர். அது அவருக்குப் பக்கத்திலேயே, அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். எல்லா மின்னொலியையும் சேர்த்து அறையின் இரு மூலைகளில் பெரிய ஸ்பீக்கரில் விடாதீர்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கவும் வேண்டாம்.

செல்லோவின் ஒலி செல்லோவிலிருந்து வருகிறது. எல்லோருக்கும் அது எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று தெரிகிறது. லேப்டாப்பின் ஒலி கூரையிலிருந்து வந்தால் அது யாருடைய குரலும் அல்ல, பின்னணி ஆகிவிடுகிறது. அதே ஒலி அவர் மடிக்கருகே இருக்கும் சிறிய ஸ்பீக்கரிலிருந்து வந்தால் அதற்கு ஒரு இடமும் உடலும் கிடைக்கிறது. அவரும் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தன் ஒலியளவைத் தானே அறிவார். ஐந்தாறு அங்குல ஸ்பீக்கர் போதும். ஆழமான கீழ் ஸ்தாயி கிடைக்காதே என்று கவலைப்படலாம். அறையை நிரப்பும் அந்த அடியொலி பெரும்பாலும் புல்லாங்குழலின் மூச்சையும் தந்தியின் உரசலையும் விழுங்கத்தான் உதவும்.

ஒலியளவை வைக்கும் முறை: குழுவில் மிக மெல்லிய ஒலி யாருடையதோ அவரை அதையே வாசிக்கச் சொல்லுங்கள். குழலில் சுருதி எழாமல் வெறும் மூச்சு மட்டும், அல்லது தாளக்கருவியின் தோலை விரல் நுனியால் தடவுவது. அந்த ஒலி மறையாத அளவுக்கு மற்ற ஒவ்வொருவரும் தங்கள் இயல்பான ஒலியளவைக் குறைத்து அடையாளமிட்டுக்கொள்ளட்டும். அதுதான் அன்றைய அடிப்படை அளவு. சத்தமாக வாசிக்கத் தடையில்லை. ஆனால் அந்த மெல்லொலியை மூடுகிறோம் என்று தெரிந்தே மூட வேண்டும்.

படி 4: அறை

வட்டமாகவோ அரைவட்டமாகவோ உட்காருங்கள். ஒருவர் கையை மற்றவர் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 9 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் இருந்தால் நெருக்கம் குறையாது. மின்விசிறி, குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி, குழல்விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் டிராக்குகளை இணைக்கும்போது அந்த ஒரு நிமிடம் கைகொடுக்கும்.

அறை இசையின் குணத்தையே மாற்றும். 1988-இல் அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸும் நண்பர்களும் வாஷிங்டன் மாநிலத்தில் பூமிக்கடியில் இருந்த பழைய நீர்த்தொட்டிக்குள் இறங்கி வாசித்தார்கள். அங்கே எதிரொலி அடங்க 45 விநாடிவரை ஆகும். ஒரு சுரம் விட்டால் அது போய்ச் சேரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். எதிர்முனையில் டோக்கியோவின் ஆஃப் சைட்: 2000 முதல் 2005 வரை இயங்கிய சின்ன அரங்கம், அக்கம்பக்கத்து வீடுகள் ஒட்டியே இருந்ததால் சத்தமாக வாசிக்க வழியில்லை. அந்தக் கட்டாயத்திலிருந்து மௌனத்தை ஒட்டிய ஒரு பாணியே வளர்ந்தது. உங்களுக்குக் கிடைத்த அறை எதுவோ அதோடு மல்லுக்கட்டாமல் அதன் இயல்புக்கேற்ப வாசியுங்கள். ஒரே ஒரு தெரிவு உங்கள் கையில் இருக்குமானால் எதிரொலி குறைந்த அறையை எடுங்கள், பின்னால் வேலை செய்ய எளிது.

படி 5: பதிவு செய்தல்

முதலில் ஒரு ஸ்டீரியோ மைக் ஜோடி. குழுவின் முன்னால், எல்லோரும் சமநிலையாகக் கேட்கும் இடத்தைக் காதால் தேடிக் கண்டுபிடித்து அங்கே வையுங்கள். ஓ.ஆர்.டி.எஃப். முறை எனக்குப் பிடித்தது: இரண்டு கார்டியாய்டு மைக் (முன்னாலிருந்து வரும் ஒலியை அதிகம் எடுப்பது), 17 செ.மீ. இடைவெளி, 110 பாகை கோணம். இந்த ஜோடியில் கேட்பதே ஆல்பத்தின் முதுகெலும்பு. அதில் நன்றாக இல்லையென்றால் மைக்கை நகர்த்துங்கள், ஆட்களை நகர்த்துங்கள், ஸ்பீக்கரைக் குறையுங்கள். அருகு மைக் வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு அருகு மைக், துணைக்கு. மின்னொலிக்கு இரண்டு வழியிலும் எடுங்கள்: கேபிள் வழியாக நேரடி லைன் ஒன்று, காற்றில் ஸ்பீக்கர் ஒலி ஒன்று. நேரடி லைன் தாமதமில்லாமல் வந்துவிடும், மைக்குக்கு ஒலி நடந்து வர வேண்டும். ஸ்பீக்கர் முதன்மை ஜோடியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் நேரடி டிராக்கை 9 மில்லிசெகண்ட் பின்தள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டும் மோதி ஒலி வெளிறிப்போகும். ஒவ்வொரு ஸ்பீக்கர் வழியாகவும் ஒரு சிறு சொடுக்கொலியை ஒலிக்கவிட்டு, நேரடி லைனிலும் மைக்கிலும் பதிவு செய்துவிட்டால் இந்தக் கணக்கு சுலபம்.

பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். உச்ச ஒலி −12 டெசிபலைத் தாண்டாதபடி (ரெக்கார்டரின் மேல் எல்லை 0) கெயின் வையுங்கள், ஏனென்றால் இந்த இசையில் ஒத்திகையில் வராத சத்தம் எப்போதும் வரும். எதிர்பாராத பெரும் சத்தத்தையும் சிதையாமல் எழுதிக்கொள்ளும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் நிம்மதி அதிகம். சேமிப்பிடக் கணக்கு: ஒரு டிராக் (இங்கே ஒரு மைக்கின் பதிவு), ஒரு மணி நேரம், ஏறத்தாழ 520 எம்பி. எட்டு டிராக்கையும் ஒரே வேவ் கோப்பில் எழுதும் கருவி என்றால் ஒரு மணி நேரம் தாண்டியதுமே அந்தக் கோப்பு வகையின் 4 ஜிபி எல்லை முட்டும். நல்ல ரெக்கார்டர்கள் தாமாகவே அடுத்த கோப்பு தொடங்கும், உங்களுடையது அப்படிச் செய்கிறதா என்று முன்பே சோதியுங்கள். இரண்டு தனித்தனி ரெக்கார்டர் பயன்படுத்தினால் அவற்றின் கடிகாரங்கள் சிறிது விலகும். பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் தள்ளிப்போகும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டிக்கொள்ளுங்கள்.

எல்லோர் சம்மதத்தோடும், கருவிகளைப் பொருத்தும் நேரம் முதலே ரெக்கார்டரை ஓட விடுங்கள். "தயாரா?" என்று கேட்பதற்கு முன் யாரோ தற்செயலாக எழுப்பும் ஒலிக்கு மற்றொருவர் பதில் சொல்லும் அந்தக் கணங்கள் பல நேரம் முறையாகத் தொடங்கிய வாசிப்பைவிடத் தெளிவானவை.

படி 6: வாசிப்பு நாட்கள்

இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் காலை முழுவதும் ஜோடிகள், ஐந்து முதல் எட்டு நிமிடம். ஜோடியில் ஒளிந்துகொள்ள இடமில்லை, ஒருவர் ஒலி மற்றவர் காதில் தெளிவாக விழும். பிற்பகல் மூவர். இரண்டாம் நாள் எல்லோரும். முதலிலேயே எல்லோரும் சேர்ந்து தொடங்கும் குழுக்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அரை மணி நேரத்தில் எல்லாத் துண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்: மெல்லத் தொடக்கம், படிப்படியாக ஏற்றம், உச்சம், மெல்ல அடங்கல். அந்த வளைவிலிருந்து தப்பவே கட்டுப்பாடுகள் தேவை.

சில கட்டுப்பாடுகள் எனக்கு எப்போதும் பலன் தந்தவை. ஒவ்வொருவருக்கும் மூன்று ஒலிகள் மட்டும், அவற்றைத் தொடங்கும் முன்பே தேர்ந்துகொள்ள வேண்டும். அல்லது, யாராவது புதிதாக ஒலி எழுப்பினால் வாசித்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் விதி. குழுவின் கேட்கும் திறன் அன்றே மாறும். இன்னொன்று: இரண்டு நிமிடத்தில் முடித்தாக வேண்டும். குறுகிய துண்டுகளில் வளைவு போட நேரமிருக்காது. மின்னொலிக்காரர் வாத்தியம் போலவும், வாத்தியக்காரர் இயந்திரம் போலவும் ஒலிக்க முயலும் ஒரு துண்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆல்பத்தில் சேராவிட்டாலும் காது திறக்கும்.

வேறு வழிகளும் உண்டு. அமெரிக்க இசைக்கலைஞர் புட்ச் மோரிஸ் 1985 முதல் கை அடையாளங்களால் இம்ப்ரவைசேஷன் குழுக்களை நடத்தும் முறையை வளர்த்தார். ஆங்கிலேய இசையமைப்பாளர் கார்னீலியஸ் கார்டியூ 1963 முதல் 1967 வரை கோடும் வட்டமுமாக 193 பக்கங்களுக்கு வரைந்த சுரக்குறிப்பில் எந்த ஒலி என்ற விளக்கமே கிடையாது. இப்படி ஒருவர் நடத்தினால், அல்லது வரைந்து தந்தால், அந்த டிராக்கின் உரிமைப் பங்கு மாறும். படி 1-இல் எழுதிய காகிதத்தில் அதற்கும் ஒரு வரி சேருங்கள்.

முடிவைப் பற்றி ஒரு சொல். இந்த இசையில் எல்லோருக்கும் கடினமானது முடிப்பதுதான். முடிந்துவிட்டது என்று ஒருவருக்குத் தோன்றினால் அவர் நிறுத்திவிட வேண்டும், மற்றவர் தொடர்ந்தால் தொடரட்டும். கடைசி ஒலிக்குப் பிறகு முப்பது விநாடி யாரும் அசையக் கூடாது. அந்த மௌனமும் பதிவில் வேண்டும்.

ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் நீளமாக விவாதிக்காதீர்கள். பதிவைப் போட்டுக் கேட்காதீர்கள். தொழில்நுட்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் கேட்டால் போதும். தன் வாசிப்பைக் கேட்டவர் அடுத்த துண்டில் அதைத் திருத்த முயல்வார், எதிரே இருப்பவரைக் கேட்பதை மறந்துவிடுவார்.

வெவ்வேறு ஊர்களில் இருந்தால்

ஒரே அறையில் சேர முடியாதவர்களுக்கு இரண்டு வழி. முதலாவது, இணையம் வழியாக நேரடியாகச் சேர்ந்து வாசிப்பது. ஜாக்டிரிப், சோனோபஸ், ஜாமுலஸ் மூன்றுமே இதற்கான இலவச மென்பொருள்கள். ஒருவழித் தாமதம் 25–30 மில்லிசெகண்டைத் தாண்டினால் தாளத்தோடு சேர்ந்து வாசிப்பது குலையத் தொடங்கும். நம் இசையில் பொதுவான தாளம் இல்லை என்பதால் அதற்கு மேலும் தாங்கும். கம்பி இணைப்பைப் பயன்படுத்துங்கள், வைஃபை வேண்டாம். இணையத்தில் வரும் ஒலியைப் பதிவு செய்யாமல், ஒவ்வொருவரும் தங்கள் ஒலியைத் தங்கள் இடத்திலேயே முழுத் தரத்தில் பதிவு செய்து, தொடக்கக் கைதட்டலை வைத்துப் பின்னால் இணைக்க வேண்டும். ஆனால் ஒன்று: அவரவர் இடத்தில் கேட்ட நேர இடைவெளி ஒவ்வொருவருக்கும் வேறு. யாருடைய காதில் கேட்டபடி அடுக்கப்போகிறோம் என்று தீர்மானித்தாக வேண்டும்.

இரண்டாவது, கோப்பு கைமாறுவது. ஒருவர் தனியாகப் பத்து நிமிடம் வாசித்து அனுப்புகிறார். அடுத்தவர் அதை முன்பே கேட்காமல், முதல் முறை கேட்கும்போதே வாசித்துப் பதிவு செய்கிறார். மூன்றாமவரும் அப்படியே. முதல் டேக் (முதல் முறை வாசித்த பதிவு) மட்டுமே, வெட்டுவதில்லை. கேட்டுப் பழகி வாசித்தால் அது இம்ப்ரவைசேஷன் அல்ல, அலங்கரிப்பு. இந்த முறையில் முதலில் வாசித்தவர் யாருக்கும் பதில் சொல்ல முடியாது என்ற குறை உண்டு; ஒவ்வொரு துண்டுக்கும் வரிசையை மாற்றி, எல்லோரும் ஒருமுறையாவது முதல் ஆளாக இருக்கும்படி செய்யுங்கள்.

இரண்டு வழியிலும் ஒலிகள் வெவ்வேறு அறைகளைச் சேர்ந்தவை, ஒட்டாது. அதற்கு நான் பரிந்துரைப்பது: எல்லா டிராக்கையும் ஒரே அறையில், ஒவ்வொருவர் உட்காரக்கூடிய இடத்திலும் ஒரு ஸ்பீக்கர் வைத்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, நடுவில் ஸ்டீரியோ ஜோடி மைக் வைத்து மறுபதிவு செய்யுங்கள். செயற்கை ரிவர்ப் (எதிரொலி விளைவு) எதுவும் இவ்வளவு இயல்பாகச் சேர்த்துவைப்பதில்லை.

படி 7: கேட்டுத் தேர்ந்தெடுத்தல்

பதிவு முடிந்து சில வாரங்கள் கேட்காமல் இருங்கள். வாசித்தபோது கையில் இருந்த சிரமமும் மகிழ்ச்சியும் மறந்த பிறகுதான் ஒலி மட்டும் கேட்கும். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டு, நேரக்குறிப்போடு பட்டியல் எழுத வேண்டும். பட்டியல்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லோர் பட்டியலிலும் இருப்பவை உள்ளே. ஒருவர் மட்டும் உயிரைக் கொடுத்து வாதாடும் துண்டு ஏதாவது இருந்தால் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். எல்லோருக்கும் "பரவாயில்லை" என்று இருப்பவை வெளியே.

பல மணி நேரப் பதிவிலிருந்து 40 நிமிடம் எடுத்தால் நல்ல விகிதம். இங்கே ஒரு பெரிய கேள்வி வரும்: நடுவில் வெட்டலாமா? 1960களின் இறுதியில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவின் நீண்ட வாசிப்புகளைத் தயாரிப்பாளர் டியோ மெசேரோ வெட்டி ஒட்டி ஆல்பமாக்கினார், அந்த வழிக்கு மதிப்பு உண்டு. அது வேறு கலை. என் விருப்பம், தொடக்கமும் முடிவும் மட்டும் நறுக்குவது; மூன்றாம் நிமிடத்திலிருந்து எட்டாம் நிமிடம் வரை எடுக்கலாம், நடுவில் இருக்கும் தடுமாற்றத்தை அறுத்தெடுக்கக் கூடாது. அந்தத் தடுமாற்றத்திலிருந்து எப்படி வெளியே வந்தார்கள் என்பதைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். உங்கள் குழு வேறு மாதிரி முடிவெடுத்தால், வெட்டியிருக்கிறோம் என்று ஆல்பத்தின் உறையிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

படி 8: மிக்ஸிங், மாஸ்டரிங்

முன்பு சொன்னபடி செய்திருந்தால் இங்கே வேலை குறைவு. முதன்மை ஜோடியை ஏற்றுங்கள். அருகு மைக்குகளை அதற்கு 10 டெசிபல் கீழிருந்து மெல்ல உயர்த்தி, விவரம் தெரியத் தொடங்கும் புள்ளியில் நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் உட்கார்ந்த திசையிலேயே இடமும் வலமும் இருக்கட்டும். கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவி) வேண்டாம். இரைச்சல் நீக்கும் மென்பொருளை இந்த இசையில் தொடவே தொடாதீர்கள். எது இரைச்சல், எது இசை என்று அதற்குத் தெரியாது. மின்கம்பியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம்கூட வாசித்தவர் வேண்டுமென்றே வைத்ததா என்று அவரையே கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மாஸ்டரிங்கில் ஒலியை ஏற்றும் ஆசையை அடக்குங்கள். பல ஸ்ட்ரீமிங் தளங்கள் சராசரி ஒலியளவை −14 எல்.யூ.எஃப்.எஸ்.-ஐ (காது உணரும் ஒலியளவின் அலகு) ஒட்டிக் கொண்டுவருகின்றன. அதற்காக மௌனத்துக்கும் வெடிப்புக்கும் இடையே உள்ள தூரத்தைச் சுருக்கத் தேவையில்லை. சராசரி −20-க்குக் கீழே இருந்தாலும் குற்றமில்லை. உண்மை உச்சம் (ஒலியலை தொடும் மிக உயர்ந்த புள்ளி, ட்ரூ பீக்) −1 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் சரி. டிராக்குகளைத் தனித்தனியாகச் சம அளவுக்கு ஏற்றிவிடாதீர்கள்: மெல்லிய துண்டு மெல்லியதாகவே ஒலிக்க வேண்டும்.

படி 9: வரிசை, பெயர், வெளியீடு

எல்பி தட்டு (வினைல் இசைத்தட்டு) என்றால் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம், அதற்கு மேல் போனால் ஒலியளவும் கீழ் ஸ்தாயியும் குறையும். மெல்லிய ஒலி நிறைந்த ஆல்பத்துக்குத் தட்டின் பரப்பிரைச்சல் ஒரு தொல்லை. அப்படிப்பட்டதற்கு சிடியோ டிஜிட்டல் கோப்போதான் நல்லது. டிராக்குகளுக்கு நடுவே விடும் மௌனத்தை மென்பொருளின் போக்குக்கு விடாமல், ஒவ்வொன்றையும் கேட்டு முடிவு செய்யுங்கள். சில இடத்தில் இரண்டு விநாடி, சில இடத்தில் பத்து. அங்கேதான் அந்த அறை நிமிடம் பயன்படும்: டிஜிட்டல் பூஜ்ஜியத்துக்குப் பதில் அறையின் மூச்சை வையுங்கள்.

உறைக்குறிப்பில் "எலக்ட்ரானிக்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். நோ-இன்புட் மிக்சர், காண்டாக்ட் மைக் ஒட்டிய தகரம், கேசட், சிற்றலை ரேடியோ என்று விவரமாக எழுதுங்கள். கேட்பவர் காதுக்கு அது வழிகாட்டும். ரேடியோ பயன்படுத்தியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: வாசிக்கும்போது அலைவரிசையில் யாரோ ஒருவரின் பாட்டு சிக்கியிருந்தால் அது அவருடைய சொத்து. தெளிவாக அடையாளம் தெரியும் துண்டுகளுக்கு அனுமதி வாங்குங்கள், அல்லது வேறு டேக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு (பதிவின் உலகளாவிய அடையாளம்) பெற்று, இயற்றியவர் இடத்தில் வாசித்த எல்லோர் பேரையும் போடுங்கள். விநியோகத் தளங்களின் படிவங்கள் ஒரு பெயரோடு நிறுத்திவிடத் தூண்டும், இடம் கொடுக்காதீர்கள்.

விற்பனை பற்றி நேர்மையாகச் சொன்னால், இந்த இசைக்குக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் தேடி வருபவர்கள். பேண்ட்கேம்ப் போல நேரடியாக விற்கும் தளத்தில் முழுத் தரக் கோப்பாக வெளியிடுவதும், சிறிய எண்ணிக்கையில் சிடி அல்லது கேசட் போடுவதும் பெரும்பாலான குழுக்களுக்குப் பொருந்தும்.

வெளியான பிறகும் ஒரு வேலை மிச்சம். வெட்டாத மூலப் பதிவுகள் முழுவதையும், சேர்க்காத துண்டுகளோடு, வாசித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கூடவே உட்கார்ந்த வரிசையின் வரைபடம், மைக் இடங்களின் அளவு, மிக்சர் குமிழ்கள் இருந்த நிலையின் புகைப்படம், பயன்படுத்திய மென்பொருள் பேட்ச்சுகளும் (அதில் நீங்கள் அமைத்த ஒலி அமைப்புகள்) அவற்றின் பதிப்பு எண்களும். குறைந்தது இரண்டு வட்டுகளில், இரண்டு வேறு இடங்களில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, கோப்புகள் ஓடுகின்றனவா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.